யாரைப் பார்த்துக் கேட்பது?

கேள்வி: ஹிட்லரிடம் அவ்வளவு கொடுமை அனுபவித்த யூதர்களே ஆப்பிரிக்க அகதிகளை விரட்டுகிறார்களே! பட்ட பாட்டிலிருந்து ஒன்றும் கற்கவில்லையா? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம். மறுபாதியை நான் ஏற்கமாட்டேன். ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமில் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் 'என்ன கற்றாய்?' என்று கேட்க நமக்கு வாயில்லை. கற்க வேண்டியிருந்தது கதவடைத்தவர்கள். 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி யூத அகதிகளுக்காக இரங்கிப் பேசின. பெருமளவில் ஏற்க முன்வந்தது டொமினிக்கன் குடியரசு மட்டும்தான். அடுத்த ஆண்டு 937 பேரோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பலைக் கியூபா திருப்பியது. அமெரிக்காவும் கனடாவும் ஏற்கவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்ப நேர்ந்தவர்களில் 254 பேர் இனப்படுகொலையில் மாண்டார்கள்.

அகதிக்கு இரங்கும் கடமை யூதர்களுக்கு உண்டு. ஆனால் அது ஹிட்லரால் வந்ததல்ல, அவனுக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தவன் என்று யூதர்களின் வேதமான தோரா திரும்பத் திரும்பச் சொல்கிறது. 36 இடங்களில் என்று யூத அறிஞர்களின் விளக்க நூலான தால்முத் எண்ணிக் காட்டுகிறது. 1977இல் இஸ்ரேலின் பிரதமரான மெனாகெம் பெகின், நடுக்கடலில் தத்தளித்து இஸ்ரேலியக் கப்பலால் மீட்கப்பட்ட 66 வியட்நாமியர்களை நாட்டுக்குள் ஏற்றதைத்தான் தம் முதல் முடிவுகளில் ஒன்றாகச் செய்தார். செயின்ட் லூயிஸைச் சொல்லித்தான் செய்தார். பெகினின் அரசியலில் எனக்கு உடன்பாடு கிடையாது. இந்தச் செயலை மதிக்கிறேன்.

அதே இஸ்ரேல், 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு, எகிப்தின் சினாய் பாலைவனம் வழியே வந்த எரித்ரியர்களையும் சூடானியர்களையும் 'ஊடுருவியவர்கள்' என்றது. பலரை நெகேவ் பாலைவனத்தில் ஹோலோட் முகாமில் அடைத்தது. அவர்களில் நூற்றுக்கு ஒருவரைக்கூட அகதி என்று ஏற்கவில்லை. 2018இல் 3,500 டாலரை வாங்கிக்கொண்டு வெளியேறு, இல்லையேல் சிறை என்றது. இது அநீதி, இதற்குச் சமாதானமே கிடையாது.

ஆனால் 'யூதர்கள்' என்று எல்லோரையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். அந்த ஆணையை எதிர்த்து அன்றைய பிரதமர் நெதன்யாகுவுக்குக் கடிதம் எழுதியவர்களில் நாஜிகளிடமிருந்து உயிர்தப்பிய முதியவர்கள் இருந்தார்கள். வீடுகளில் ஒளித்துவைத்துக் காப்போம் என்று ரபிகள் என்ற யூத மதகுருக்கள் முன்வந்தார்கள். அந்த ஏப்ரலில் ஐ.நா. அகதிகள் ஆணையத்துடன் நெதன்யாகு ஓர் உடன்பாடு செய்தார். பல்லாயிரம் பேர் இஸ்ரேலிலேயே தங்கியிருக்கலாம். கூட்டணிக்காரர்கள் சீறியதும் மறுநாளே அதை ரத்து செய்தார். உங்கள் கேள்வியை அவரிடம், அவர் பெயர் சொல்லிக் கேளுங்கள்.