கிணற்றுக் கதை

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 46 வயது. கரூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். பிரசவத்துக்கு வந்த மகள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். பேரனுக்குப் பத்து மாதம், மாமனாருக்கு 81 வயது. பேரன் கையில் கரண்டியைக் கொடுத்தால் கீழே போடுவான். எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடுவான். வீடே கைதட்டிச் சிரிக்கும். மாமனார் 1974இல் கிணறு வெட்டிய கதையைத் தினமும் சொல்கிறார். 60 அடியில் பாறை, வெடி வைத்தது, ஊற்று திறந்தது. அவர் தொடங்கியதும் நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறோம். “வயதானால் மனிதன் குழந்தையாகிவிடுகிறான்” என்கிறார் என் கணவர். போன மாதம் மாமனாரின் ஏடிஎம் அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார், அவர் அலைய வேண்டாமே என்றுதான். அன்றிலிருந்து கிணற்றைத் தவிர வேறு எதையும் அவர் பேசுவதில்லை. முதுமை என்பது மறுபடியும் குழந்தையாவதுதானா ஐயா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. உங்கள் கணவர் அன்போடுதான் அப்படிச் சொல்கிறார். ஆனாலும் அந்தச் சொல் தவறு. அது வீடுகளுக்குள் செய்யும் கெடுதலை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் உங்கள் பேரனைப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே, தன் மூன்று குழந்தைகளையும் பக்கத்தில் இருந்து கவனித்துக் குறிப்பெழுதி வைத்தவர். அவருடைய மகன் லோரான், சரியாக உங்கள் பேரனின் வயதில், மல்லாந்து படுத்தபடி செல்லுலாய்டு அன்னப் பொம்மை ஒன்றை எடுத்துக் கையை நீட்டிக் கீழே விடுகிறான். அடுத்த முறை கையை வேறு பக்கம் கொண்டுபோய் விடுகிறான். பொம்மை தலையணைமேல் விழுந்தால், அதே இடத்தில் இன்னும் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்க்கிறான். பொருள் எப்படி விழுகிறது, எங்கே போகிறது என்று படிக்கிறான். உங்கள் வீட்டுக் கரண்டியும் அந்தப் படிப்புக்குத்தான் விழுகிறது.

மாமனாரும் ஒன்றையே திரும்பச் செய்கிறார் என்பது உண்மை. ஆனால் அவருடைய வேலை வேறு. முதியவர்கள் பழையதைப் பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் என்றே மருத்துவர்கள் பலர் நினைத்திருந்த காலத்தில், 1963இல், ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்து எழுதினார். முடிவு பக்கத்தில் வருவதை உணரும் மனம், வாழ்ந்ததை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்க்கிறது. அப்போது தீராமல் விட்டவை மேலே வருகின்றன, அவற்றோடு சமாதானம் செய்துகொள்ள வழி தேடுகிறது என்றார். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950இலேயே மனித வாழ்க்கையை எட்டுப் பருவங்களாக வகுத்து, எட்டாவதாகிய முதுமைக்கும் ஒரு வேலை வைத்திருந்தார். நான் வாழ்ந்தது இது, இது என்னுடையது என்று மனதார ஏற்றுக்கொள்வதுதான் அந்த வேலை. அது கைகூடாதபோது மிஞ்சுவது கசப்பு. பத்து மாதக் குழந்தைக்கு இந்த வேலை கிடையாது. திரும்பிப் பார்க்க அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது?

நம் மரபு குழந்தையை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறது! ஒரு கால் மடக்கி ஒரு கால் நீட்டித் தலையசைக்கும் மாதத்துக்குச் செங்கீரை, கை கொட்டும் மாதத்துக்குச் சப்பாணி என்று பிள்ளைத்தமிழ் பத்துப் பருவம் வைத்தது. பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் சொன்ன, இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் வகுக்கும் பாட்டியல் நூல்களோ 40 வயதோடு நின்றுவிடுகின்றன. உங்கள் 46க்கு அவற்றில் பெயரே இல்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஆனால் அதற்கும் வெகு முன்பே புறநானூற்றில் ஒரு கிழவர் பேசியிருக்கிறார். 243ஆம் பாட்டு. மணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடியது, தாழ்ந்த மருத மரக் கிளையில் ஏறிக் கரையில் நின்றவர்கள் மிரளும்படி ஆழமான மடுவில் துடுமெனக் குதித்தது, அடிமணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டியது எல்லாவற்றையும் சொல்லி, அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று கேட்கிறார். கையில் பூண் போட்ட தடி. இருமலுக்கு நடுவே சில சொற்கள். அந்தத் தடியைத் “தொடித்தலை விழுத்தண்டு” என்று அவர் சொன்ன அழகுக்காகவே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். நீரின் அடியில் போய் மணலை எடுத்து வந்ததாகச் சொன்ன அவரை யாரும் பாதியில் விட்டு எழுந்து போகவில்லை. போயிருந்தால் இந்தப் பாட்டு நமக்கு வந்திருக்காது.

நான் எழுந்து போனவன். என் கல்லூரிக் கட்டணத்துக்காக வளையலை அடகு வைத்த கதையை அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். “தெரியும்மா” என்று வாயை அடைத்துவிடுவேன். ஒரு நாள் மின்சாரம் இல்லை, போக இடமில்லை. “அன்றைக்கு யார்கூடப் போனாய்?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, தனியாகத்தான் போனதாகவும், தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று எதிர்ச்சாரியில் பழக்கடை அருகே ஒரு மணி நேரம் நின்றதாகவும், சும்மா நிற்க வெட்கப்பட்டு நான்கு எலுமிச்சம்பழம் வாங்கியதாகவும் சொன்னாள். அந்த எலுமிச்சம்பழங்கள் அதுவரை கதையில் இல்லை. அதன் பிறகு அவள் அந்தக் கதையைச் சொல்லவே இல்லை.

ஏடிஎம் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பணம் எடுக்கத் துணைக்கு யாராவது போகலாம், அட்டை அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களுக்குச் செடி கொடுத்து, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் காரியங்களை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் பணியாளர்களே கவனித்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார்கள். சில வாரங்களில் முதல் தளத்தினர் தெளிவாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள். கணவரிடம் இதைச் சொல்லுங்கள். அப்பாமேல் பாசம் உள்ளவர், புரிந்துகொள்வார்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பழைய கதையைத் தினமும் சொல்வது வேறு, ஐந்து நிமிடத்துக்கு முன் சாப்பிட்டதை மறந்து “சாப்பாடு எங்கே?” என்று கேட்பது வேறு. பழகிய தெருவில் வழி தவறுவது, அடுப்பை அணைக்க மறப்பது, நாள் கிழமை குழம்புவது போன்றவை தெரிந்தால், வயதாகிவிட்டது என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவாலும் பி12 சத்துக் குறைவாலும் மனச்சோர்வாலும்கூட மறதி வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மாமனாரின் பேச்சு சுருங்கியிருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், இன்று மாலை அவர் கிணற்றுக்குள் இறங்கும்போது நீங்களும் உட்காருங்கள். வெடி வைக்கப் பணம் எங்கிருந்து வந்தது, பாறைக்குக் கீழே தண்ணீர் இருக்காது என்று சொன்னவர் யார், ஊற்று திறந்ததும் முதல் வாளித் தண்ணீரை யாரிடம் கொடுத்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.