சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) சகோதரிக்கு: லெண்ட் (LEND) பயிற்சி பற்றி

வணக்கம் சகோதரி. ஆட்டிசக் குழந்தையின் அம்மாவிடம் உங்கள் கிளினிக்கில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அமெரிக்காவின் லெண்ட் பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளைக் கவனிக்கப் பல துறையினரை ஒன்றாகப் பயிற்றும் திட்டம் அது; அங்குள்ள பல்கலைக்கழகங்களில் அரசு நிதியில் நடப்பது. நீண்டகாலப் பயிற்சியே 300 மணி நேரத்துக்குக் குறையாது. வேலையை விட்டுப் போகச் சொல்ல எனக்கு மனசில்லை.

அதன் உயிர்நாடியை டர்பனிலேயே பிடித்துக்கொள்ளலாம். லெண்ட் பயிற்சியில் மருத்துவர், உளவியலாளரோடு பெற்றோரும் சேர்ந்து படிக்கிறார்கள். சரி, அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவை முதலில் பேச விடுங்கள். காலையில் சட்டை போடுவதே போராட்டம் என்றால், எல்லோரும் அந்தச் சட்டையைப் பற்றியே பேசுங்கள்: துணி உறுத்துகிறதா, நாம் சொல்வது புரிகிறதா, பொத்தான் போட விரலில் வலு இருக்கிறதா? அப்புறம் ஒரே தாளில் ஒரே ஆலோசனை, அவர் வீட்டில் பேசும் மொழியில். படிப்பு முடித்துக் கட்டாயச் சமூக சேவை ஆண்டுக்கு வரும் இளம் தெரபிஸ்ட்டுகளையும் கூட உட்கார வையுங்கள்.