ஊருணியை மூடினால் டெங்கு ஒழியுமா?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் மூன்று வீடுகளில் டெங்கு. 12 வயதான என் மகனுக்கும் வந்து, ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்து குணமாகி வந்தான். தெருக்கோடியில் இருக்கும் ஊருணிதான் காரணம், அதில் மண் அடித்து மூட வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். கழிவு ஆயில் ஊற்றலாம், கொசு தின்னும் மீன் விடலாம் என்றும் பேச்சு இருக்கிறது. நான் கையெழுத்துப் போடலாமா? மகனுக்கு மறுபடியும் டெங்கு வருமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் மகனைக் கடித்த கொசு ஊருணியில் பிறந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, மூடி சரியாகப் பொருந்தாத ஒரு டிரம்மில் பிறந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கொசு என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லாக் கொசுவும் ஒன்றல்ல. உலகில் 3,500க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் உண்டு. அவற்றில் மனிதனுக்கு நோய் கொண்டு வருபவை கொஞ்சம்தான். இரவில் காதருகே ரீங்காரமிடும் கியூலெக்ஸ், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகுவது. யானைக்கால் நோயைப் பரப்புவது. நகரத்து மலேரியாவுக்குக் காரணமான அனாஃபிலிஸ், மாடித் தொட்டியையும் கிணற்றையும் தேடிப் போகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி பகலில் கடிப்பது. விடிந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு வேட்டை நேரம். கறுப்புக் காலில் வெள்ளை வளையம் இருக்கும். பிறந்த இடத்தை விட்டு அது பெரும்பாலும் 100, 200 மீட்டருக்கு மேல் போவதில்லை.

இந்த ஏடிஸ் பரந்த நீர்ப்பரப்பில் முட்டையிடுவதில்லை. அதற்குச் சுவர் வேண்டும். டிரம், குடம், உரல், டயர் போன்றவற்றின் உட்புறத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் பகுதியில் முட்டைகளை ஒட்டிவிடும். மிளகுத் தூளை லேசாகத் தூவியதுபோல, அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினால் புழு போய்விடும், முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த முறை தண்ணீர் நிரப்பும்போது பொரிந்துவிடும். 'நாங்கள் தண்ணீரை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறோம் டாக்டர்' என்று சொல்லும் வீடுகளிலும் டெங்கு வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பாதித் தண்ணீர் இருக்கும்போதே மேலே ஊற்றி நிரப்புவது இன்னும் மோசம்.

முட்டை பொரிந்து கொசுவாகிப் பறக்க, நம் ஊர் வெயிலில் 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் போதும், ஆனால் ஒரு வாரம்கூடத் தவறக்கூடாது. வெள்ளிக்கிழமைக்காக வீடு கழுவுகிற வழக்கம் இருந்தால் அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரம்மை முழுக்கக் காலி செய்து, தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு உட்சுவரை, முக்கியமாக நீர்க்கோடு படிந்த இடத்தை, அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். நிரப்பிய பின் வேட்டித் துணியை இழுத்துக் கட்டுங்கள். தொய்வாகக் கட்டினால் துணி நடுவில் நனைந்து, அங்கேயே முட்டையிட இடம் கிடைத்துவிடும்.

புழு இருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு பக்குவம் உண்டு. உங்கள் நிழல் விழுந்ததுமே புழுக்கள் நெளிந்து அடியில் போய்விடும். தண்ணீர் சுத்தமாகத் தெரியும். டார்ச் அடித்தபடி இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மூச்சு விட ஒவ்வொன்றாக மேலே வந்து, வால் முனையை நீர்ப்பரப்பில் தொட்டபடி தலைகீழாகத் தொங்கும். டிரம்மோடு நிறுத்திவிடாதீர்கள். ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், பூந்தொட்டியின் அடித்தட்டு, ஏர்கூலர், சன்ஷேடில் தேங்கிய மழைநீர், கொல்லையில் கிடக்கும் கொட்டாங்குச்சி, ஆட்டுக்கல் குழி என எல்லாவற்றையும் பாருங்கள். கொட்டாங்குச்சியில் தேங்கும் தண்ணீரே அதற்குப் போதும்.

மாடித் தொட்டியின் மூடியைவிட, நிரம்பி வழியும் குழாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதன் வாயில் நைலான் வலையைக் கட்டுங்கள். செப்டிக் டேங்க் காற்றுக் குழாய்க்கும் அப்படியே. காலி செய்ய முடியாத சம்புக்கு, சுகாதாரப் பணியாளர்கள் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுவதைத் தடுக்காதீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் குடிநீரிலும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கடையில் வாங்கி நீங்களாகக் கைக்கணக்கில் ஊற்ற வேண்டாம்.

இப்போது ஊருணிக்கு வருவோம். அந்தத் தண்ணீருக்குள் தும்பியின் இளம்பருவம் மாதக்கணக்கில் வாழ்ந்து, கொசுப்புழுவைப் பிடித்துத் தின்கிறது. மல்லாந்து நீந்தும் நீர்ப்பூச்சியும், நீர் வண்டும், சிறு மீன்களும் அதே வேலையைச் செய்கின்றன. உங்கள் டிரம்மில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கழிவு ஆயில் ஊற்றினால் கொசுப்புழுவோடு இந்தக் காவலர்களும் சாகும். பிறகு மழை பெய்து புதுத் தண்ணீர் வந்ததும் முதலில் திரும்பி வருவது கொசுதான். தும்பி பெருக மாதங்கள் ஆகும்.

மூடிவிட்டாலோ, மழைநீர் போக இடமின்றித் தெருவில் தேங்கும். சுற்றியுள்ள கிணறும் போரும் வற்றும். தண்ணீர் வராத வீடு என்ன செய்யும்? இன்னும் இரண்டு டிரம் வாங்கும். டெங்குக் கொசுவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

அதற்காக ஊருணியை அப்படியே விட்டுவிடவும் சொல்லவில்லை. கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் கப், தட்டு, தேங்காய்ச் சிரட்டையில் ஏடிஸ் பெருகும். சாக்கடை கலந்தால் கியூலெக்ஸ் பெருகும். ஆகாயத்தாமரை படர்ந்தால் வேரில் ஒட்டி வாழும் மான்சோனியா என்ற இன்னொரு கொசுவுக்கு வீடாகும். மனு எழுதுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: கரையைச் சுத்தம் செய்யவும், கழிவுநீர்க் குழாயைத் திருப்பவும், ஆகாயத்தாமரையை அள்ளவும் கேட்டு எழுதட்டும். அந்த மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.

கொசு மீன் என்று கொடுக்கப்படும் கம்பூசியாவும் கப்பியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. பாழடைந்த கிணறு, சிமென்ட் தொட்டி போன்று வெளியே வழியாத இடத்தில் விடலாம். ஊருணியில் விட்டால் தவளை முட்டையையும் நாட்டு மீன் குஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடும். புகை மருந்தை நம்பியும் இருக்காதீர்கள். அது பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். ஏடிஸ் கட்டிலுக்கு அடியிலும், தொங்கும் சட்டைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். தெருவில் அடிக்கும் புகை அதுவரை போவதில்லை.

மகனைப் பற்றி. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. வந்துபோன வகை மறுபடி வராது, மற்ற மூன்றும் வரலாம்; இரண்டாம் முறை கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். ஆகவே இனி அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம், முன்பு டெங்கு வந்ததைச் சொல்லிக் காட்டுங்கள். பாராசிட்டமால் மட்டும், ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில் கொடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் கூடாது; ரத்தக்கசிவைக் கூட்டும். ஓ.ஆர்.எஸ்., இளநீர், கஞ்சி அடிக்கடி கொடுங்கள். காய்ச்சல் இருக்கும் நாட்களில் பகலிலும் வலைக்குள் படுக்கட்டும். அவனைக் கடிக்கும் கொசுதான் பத்து நாளில் அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டு போகும்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியடைந்துவிடாதீர்கள். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே அப்போதுதான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். தாளாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிடுவது, துவண்டு படுப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது – இதில் ஒன்று தெரிந்தாலும், நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள்.