அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு பாலைவனத்தில் ஓர் இரவு தங்கப் போகிறோம், சின்னப் பிள்ளைகளும் வருகிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போங்கள். எங்கள் தெருவில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிப் போவது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் அந்த ஓர் இரவைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவார்கள்.

என்னென்ன பொருள் வேண்டும் என்ற பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கும். நான் முதலில் சொல்ல வருவது வேறு. பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதைக் கிளம்பும் முன்பே பேர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள். பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே என்று நினைப்போம். அதுதான் ஆபத்து. ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். வீட்டில் சுவர் இருக்கிறது, கேட் இருக்கிறது. அங்கே ஒரு மணல்மேட்டைத் தாண்டி இறங்கிவிட்டால் பிள்ளை கண்ணிலும் படாது, கூப்பிட்டால் சத்தமும் சரியாகக் கேட்காது. திரும்பிப் பார்த்தால் எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும்.

நாங்கள் மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்கிறோம். முறைக்காரர் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அந்த ஒரு மணி நேரம் அவர் அடுப்புப் பக்கம் போகமாட்டார், போனை எடுக்கமாட்டார். முறை மாறும்போது பிள்ளைகளை எண்ணி, "இனி நீங்க" என்று வாய்விட்டுச் சொல்லி விசிலைக் கைமாற்றுவார். மாடி வீட்டு அண்ணன் மட்டும் எண்ணிக்கையோடு விடமாட்டார். ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் சொல்லி முகத்தைப் பார்த்துத்தான் விசிலை வாங்குவார். அது நல்ல பழக்கம். பக்கத்தில் தங்கியிருக்கும் வேறு கூட்டத்துப் பிள்ளை ஒன்று விளையாட வந்து கலந்திருந்தால், நம் பிள்ளை ஒன்று இல்லாமலே கணக்கு சரியாக வந்துவிடும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையை அதட்டலாமா என்ற தயக்கம் எல்லாருக்கும் உண்டு. "அங்கே யார் வேண்டுமானாலும் என் பிள்ளையைக் கண்டிக்கலாம், கையைப் பிடித்து இழுத்து வரலாம்" என்று பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் அந்தத் தயக்கம் போய்விடும். பிள்ளைகள் காதில் விழும்படியே சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு விசில் கொடுங்கள். இருட்டியதும் கையில் ஒளிரும் வளையம் மாட்டிவிடுங்கள். வழி தெரியாவிட்டால் நடக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து விசில் ஊத வேண்டும். இதைச் சொன்னால் மட்டும் போதாது, வெளிச்சம் இருக்கும்போதே ஒரு தடவை விளையாட்டாகச் செய்து பார்க்கவும் வையுங்கள்.

இடத்துக்கு, பொழுது சாய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள். இருட்டில் இடம் தேடுவது வேண்டாம். வறண்ட ஓடைப் படுகை சமதளமாக, பார்க்க ஆசையாக இருக்கும். அங்கே கூடாரம் போடவே கூடாது. எங்கோ தொலைவில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். மணல்மேட்டின் உச்சியும் வேண்டாம், காற்று விடாது. மேட்டின் செங்குத்தான பக்கத்தின் அடிவாரமும் வேண்டாம், மறுபுறத்திலிருந்து ஏறி வரும் வண்டிக்குக் கீழே ஆள் இருப்பது தெரியாது. மேடுகளுக்கு நடுவே சற்று இறுகிய, சமமான தரை நல்லது. கூடாரத்து ஆணிகள் மணலில் நிற்காது. துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதையுங்கள். காற்றுக்கு எளிதில் அசையாது.

அடுத்தது நெருப்பு. இதை அழுத்திச் சொல்கிறேன். கிளம்பும்போதோ படுக்கப் போகும்போதோ தணலை மணல் போட்டு மூடிவிடாதீர்கள். பலரும் அதைத்தான் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். மணல் சூட்டை வெளியே விடாது. மேலே பார்த்தால் வெறும் மணல், அடியில் பல மணி நேரம் கனல் இருக்கும். மறுநாள் காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது தெரியாது. நீங்கள் போன பிறகு வேறு யாருடைய பிள்ளையாவது மிதிக்கலாம். கால் வைத்து எடுப்பதற்குள் பாதம் வெந்துவிடும். காலுள்ள இரும்பு அடுப்பிலோ தகரத் தட்டிலோ மட்டும் தீ மூட்டுங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடே தெரியக் கூடாது. ஆறிய சாம்பலை ஒரு வாளியில் அள்ளி உங்களோடு கொண்டுவந்துவிடுங்கள்.

குளிருக்காகக் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் வைப்பது அதைவிட மோசம். அணைந்த மாதிரி தெரிகிற கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

குளிர் என்றதும் பலர் நம்புவதில்லை. பாலைவனக் காற்றில் ஈரப்பதம் குறைவு, மேகமும் அரிது. அதனால் பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தரை பொழுது சாய்ந்ததும் வானத்துக்கு விட்டுவிடும். பகலுக்கும் பின்னிரவுக்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். தடிமனான விரிப்பு இல்லாவிட்டால் எத்தனை கம்பளி போர்த்தினாலும் விடியற்காலையில் பிள்ளைகள் நடுங்குவார்கள்.

தேளைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். ஒரு புற ஊதா டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள். தேளின் மேலோட்டில் இருக்கும் சில வேதிப்பொருட்கள் அந்த ஒளி பட்டால் பச்சை கலந்த நீலமாக மின்னும். எதிர்வீட்டுப் பையனுக்குத் தேள் என்றாலே அழுகை வரும். அவன் அப்பா ஒருநாள் இரவு ஒரு புதரின் வேர்ப்பக்கம் டார்ச்சை அடித்துக் காட்டினார். விரல் நீளம்கூட இல்லை, தலை முதல் வால்முனை வரை மின்னிக்கொண்டிருந்தது. டார்ச்சை அணைத்தால் மணலோடு மணலாகக் காணாமல் போனது, போட்டால் அதே இடத்தில் இருந்தது. எட்ட நின்றபடியே அவன் மறுபடி மறுபடி போட்டுக் காட்டச் சொன்னான். அன்றிலிருந்து படுக்கும் முன் கூடாரத்தைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்ப்பது அவன் பொறுப்பு. ஆனால் புதிதாகத் தோல் உரித்த தேள் அப்படி மின்னாது. ஆகவே காலையில் ஷூவை உதறிவிட்டுத்தான் போட வேண்டும், இருட்டில் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. பிள்ளையைக் கொட்டிவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அருகிலுள்ள மருத்துவமனை எது, எவ்வளவு தூரம் என்பதைப் புறப்படும் முன்பே பார்த்து வையுங்கள்.

பிள்ளைகள் மணலில் குழி தோண்டுவார்கள். முழங்கால் ஆழத்துக்கு மேல் விடாதீர்கள். பக்கவாட்டில் குடைந்து உள்ளே போவதை உடனே நிறுத்துங்கள். காய்ந்த மணல் எச்சரிக்கை இல்லாமல் சரியும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர், அதோடு இன்னொரு நாளைக்கு உபரி. எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டாம்.

ஒற்றை வண்டியில் போகவே கூடாது. மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை குறைத்தால் டயர் மணலில் அதிகம் படிந்து, புதையாமல் ஓடும். தார்ச்சாலை வந்ததும் முதல் வேலையாகக் காற்றைத் திரும்ப நிரப்புங்கள். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.

நாள் குறிக்கும்போது, நட்சத்திரம் பார்க்க அமாவாசைதான் நல்லது என்பார்கள். சரிதான். ஆனால் சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது வளர்பிறை எட்டாம் நாளை ஒட்டிய இரவு. நடு இரவு வரை நிலா வெளிச்சத்தில் பிள்ளைகள் ஓடுவது தெரியும். அப்புறம் நிலா மறைந்துவிடும். விழித்திருக்கும் பெரியவர்கள் எல்லா டார்ச்சையும் அணைத்துவிட்டு ஒரு அரைமணி நேரம் இருட்டுக்குக் கண்ணைப் பழக்கினால், ஊர் வெளிச்சத்தில் ஒருநாளும் பார்க்க முடியாத அத்தனையும் தெரியும்.

வராமல் வீட்டில் இருக்கிற ஒருவரிடம் நீங்கள் தங்கும் இடத்தின் வரைபடப் புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். இத்தனை மணிக்குள் நாங்கள் கூப்பிடாவிட்டால் ஆள் அனுப்பு என்று நேரத்தையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வழியில் வண்டி நின்றுபோனாலும் உதவி தேடி நடக்க வேண்டாம், வண்டியோடே இருங்கள். தேடி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது வண்டிதான்.