மருத்துவமனையைச் சட்டம் எப்போது காக்கிறது, எங்கே கைவிடுகிறது?

“மருத்துவமனைகளைத் தாக்கக் கூடாது என்று சர்வதேசச் சட்டம் இருந்தும் தாக்குகிறார்களே, பிறகு அது யாரைத்தான் காக்கிறது?” என்பது கேள்வி.

போரில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வகுக்கும் சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தைக் குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றும் சட்டமாக மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். சுடுவதற்கு முன் சுடுபவர் என்னென்ன செய்தாக வேண்டும் என்று வகுத்திருப்பதில்தான் அதன் பலம் இருக்கிறது என்பது என் கருத்து. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் ஒரு மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கியதை வைத்து இதை விளக்குகிறேன்.

அங்கே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திவந்த மருத்துவமனையில் அரசுப் படையினருக்கும் தாலிபான்களுக்கும் ஒரே கூரையின்கீழ் சிகிச்சை நடந்தது. எதிரி படுத்திருக்கும் இடத்தைத் தாக்கினால் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. காயமுற்ற வீரர்கள் சிகிச்சை பெறுவதையோ, அவர்களிடமிருந்து வாங்கி வைத்த சிறு ஆயுதங்கள் அங்கே கிடப்பதையோ காரணமாகக் காட்ட முடியாது என்று, போர்க்காலத்தில் பொதுமக்களைக் காப்பதற்கான நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. எதிர்த்தரப்புக்குத் தீங்கான செயலுக்கு மருத்துவமனையே பயன்படுத்தப்பட்டால்தான் பாதுகாப்பு நீங்கும். அப்போதும் எச்சரித்து, அதை நிறுத்திக்கொள்ள நியாயமான அவகாசம் தந்த பிறகே தாக்கலாம். அந்த உடன்படிக்கை நாடுகளுக்கிடையிலான போருக்கானது என்றாலும், உள்நாட்டுப் போரில் இதே பாதுகாப்பு வழக்காற்றுச் சட்டமாக, அதாவது நாடுகளின் தொடர்ந்த நடைமுறையால் உருவான சட்டமாக, எல்லாத் தரப்பையும் கட்டுப்படுத்துகிறது.

குண்டூஸ் மருத்துவமனையின் ஜி.பி.எஸ். விவரங்கள் செப்டம்பர் 29 அன்றே படைகளுக்கு அனுப்பப்பட்டிருந்தன; தாக்கக் கூடாத இடங்களின் பட்டியலிலும் அது இருந்தது. ஆனால் அவசரமாகக் கிளம்பிய அமெரிக்காவின் ஏசி-130 தாக்குதல் விமானத்தில் அப்பட்டியல் ஏற்றப்படவில்லை. போதாக்குறைக்குத் தகவல் தொடர்புக் கருவியும் வழியில் பழுதானது. விமானக் குழுவினருக்குச் சொல்லப்பட்ட இலக்கு, தாலிபான்கள் கைப்பற்றியிருந்ததாகக் கருதப்பட்ட உளவுத்துறைக் கட்டடம். அதன் இட விவரத்தைப் போட்டதும் கருவி வெறும் திறந்தவெளியைக் காட்டவே, வாய்மொழியாகக் கேட்ட அடையாளத்துக்குப் பொருந்துவதாகத் தோன்றிய அருகிலிருந்த பெரிய கட்டடத்தைக் குறிவைத்தார்கள். சுடுவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்பு அதன் இட விவரத்தைத் தலைமையகத்துக்கும் தெரிவித்தார்கள். பட்டியல் கைவசம் இருந்தும் அது மருத்துவமனை என்பதை அங்கே எவரும் உணரவில்லை. 211 குண்டுகள் பாய்ந்தன. 42 பேர் இறந்தார்கள்.

இலக்கைச் சரிபார்ப்பதும், ஐயம் எழுந்தால் நிறுத்துவதும் நல்லெண்ணத்துக்கு விடப்பட்டவை அல்ல, சட்டக் கடமைகள். இவற்றை விரிவாக வகுக்கும், ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறையில் அமெரிக்கா சேரவில்லை என்றாலும், இக்கடமைகள் வழக்காற்றுச் சட்டமாக அதற்கும் பொருந்தும். பட்டியல் ஏற்றுவது, ஒப்பிடுவது போன்ற அலுவலகத்தனமான வேலைகள்தான் நோயாளியின் உயிரைக் காக்கின்றன.

கைவிடும் இடம் அதற்குப் பிறகு வருகிறது. வேண்டுமென்றே செய்யாததால் இது போர்க்குற்றம் அல்ல என்று அமெரிக்க விசாரணை முடிவுசெய்தது. 16 பேர் மீது நிர்வாக நடவடிக்கை மட்டுமே எடுக்கப்பட்டது. இந்த வாதம் எனக்கு முழுமையாகப் படவில்லை. பொதுமக்களுக்கு எதிரான தாக்குதல் பற்றிய கலிச் வழக்கில், விளைவைப் பொருட்படுத்தாத அலட்சியமும் ‘வேண்டுமென்றே’ என்பதற்குள் அடங்கும் என்று முன்னாள் யூகோஸ்லாவியாவில் நடந்த போர்க்குற்றங்களை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம் 2003இல் சொல்லியிருக்கிறது. குண்டூஸில் நடந்தது அந்த அளவை எட்டியதா என்பதைச் சுயேச்சையான விசாரணைதான் சொல்ல முடியும். அதற்கென்றே 1991 முதல் சர்வதேச மனிதாபிமான உண்மை கண்டறியும் ஆணையம் இருக்கிறது. மருத்துவர்கள் அமைப்பும் அதைத்தான் கோரியது. ஆனால் சம்பந்தப்பட்ட அரசுகள் சம்மதித்தால்தான் அந்த ஆணையம் விசாரிக்க முடியும். அமெரிக்காவும் ஆப்கானிஸ்தானும் சம்மதிக்கவில்லை.