ஊற்றுத் தண்ணீரில் துள்ளும் பூச்சிகள்: குடிக்கலாமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் தோப்பை ஒட்டி ஓர் ஓடை. மாசியிலேயே காய்ந்துவிடும். மணலை இரண்டடி தோண்டினால் ஊற்று எடுக்கும். சமையலுக்கும் குடிக்கவும் அதுதான். இந்த வருடம் வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பார்த்தால் புள்ளி புள்ளியாக ஏதோ துள்ளுகிறது, நூல் மாதிரி ஒன்று நெளிகிறது. காய்ந்த ஓடையில் இவை எப்படி வந்தன? பிளீச்சிங் பவுடர் போட்டுவிடலாமா?

பதில்: எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயேதான் இருந்தன. ஓடை காய்ந்தது மேலே மட்டும்தான். அடியில் தண்ணீர் மணலுக்குள் மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆற்று நீரும் நிலத்தடி நீரும் கலக்கும் இந்த அடுக்கைத் தனி வாழிடமாகக் கண்டு 1959இல் பெயர் வைத்தவர் ருமேனியாவின் உயிரியல் ஆய்வாளர் டிரயான் ஒர்கிடான். அமெரிக்காவின் மொன்டானாவில் ஆற்றுப்பூச்சிகளின் இளம்பருவங்கள், கரையிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிணறுகளில்கூடக் கிடைத்திருக்கின்றன.

துள்ளும் புள்ளிகள் பெரும்பாலும் இறாலின் தூரத்துச் சொந்தங்கள். பலவற்றுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நூல் மாதிரி நெளிவது மண்புழு இனத்துப் பொடிப் புழுவாகவோ உருளைப்புழுவாகவோ இருக்கும். மணலுக்கு இடையிலுள்ள சந்தில் புகுந்து போக ஒல்லி உடம்புதான் வசதி. இருட்டிலேயே காலம் தள்ளும் இனங்கள் பலவற்றுக்குக் கண்ணும் கிடையாது, நிறமும் கிடையாது. மட்கிய இலைத்தூளும் மணல்மேல் படியும் பாக்டீரியாவும்தான் சாப்பாடு. கோடையில் ஈரம் இறங்க இறங்கச் சில கூடவே இறங்கும். சிலவற்றின் முட்டைகள் காய்ந்து கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

ஊற்றுக்குள் பிளீச்சிங் பவுடர் வேண்டாம். மறுநாள் புதுத் தண்ணீர்தான் ஊறப்போகிறது, மருந்து எத்தனை நேரம் நிற்கும்? குளோரின் போடுவதானால் குடத்தில் அளவு பார்த்துப் போடுங்கள்.

சரி, குடிக்கலாமா? பூச்சி இருப்பதாலேயே தண்ணீர் கெட்டதாகிவிடாது. நல்ல தண்ணீர் என்றும் ஆகிவிடாது. காலரா, டைபாய்டு கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை. மேலே மாடு கட்டுகிறார்களா, கழிவு இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு காலத்தில் நரம்புச்சிலந்தி (கினிப் புழு) நோய் பரவியது இந்தத் துள்ளும் வகையறாவில் ஒன்றை விழுங்கியதால்தான். 2000இல் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. துணியில் வடிகட்டிக் குடித்ததற்கும் அதில் பங்குண்டு. நீங்களும் மெல்லிய வேட்டித் துணியை நாலு மடிப்பாக மடித்து வடிகட்டி, அப்புறம் நன்றாகக் கொதிக்கவையுங்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. அடிமணலை ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். மணல் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், சந்துகளை வண்டல் அடைத்து ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். ரத்தச் சிவப்பில் புழுக்கள் மட்டுமே நிறைய வருவதும் நல்லதல்ல. அவை கொசு மாதிரிப் பறக்கும், ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சுகள். நம் ரத்தத்தில் இருப்பதுபோல் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். அந்தக் குழியை மூடிவிட்டு, மேல்புறமாகத் தள்ளி, பருமணல் உள்ள இடத்தில் தோண்டுங்கள். வருடா வருடம் குடிக்கிற தண்ணீர் என்பதால், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை கிருமிப் பரிசோதனைக்கும் கொடுத்துவிடுங்கள். அதற்குக் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். வீட்டு பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோகாதீர்கள்.