உயிரணுவும் மின்கம்பியும் சந்திக்கும் இடம்: கேள்வி பதில்

உடலில் ஒட்டும் சென்சார்கள், உடலுக்குள் வைக்கும் மின்முனைகள், இவைதான் என் துறை. அதற்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகவே சொல்கிறேன். மருந்து, சிகிச்சை பற்றியவற்றை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கல்லூரி மாணவி: நரம்பும் மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது என்றால், ஒரு கம்பியை நேராக அதில் இணைத்துவிட்டால் போதாதா சார்?

இந்தத் துறையின் கஷ்டம் எல்லாம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. கம்பியில் ஓடுவது எலக்ட்ரான். உடலில் நகர்வது சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்ற அயனிகள். கம்பியில் வரும் எலக்ட்ரான் அப்படியே உடல்நீருக்குள் இறங்கி ஓடாது. உலோகமும் திசுவும் தொடும் பரப்பில் ஏதோ ஒரு கைமாற்றம் நடந்தாக வேண்டும்.

அது இரண்டு வகையில் நடக்கும். உலோகத்தில் மின்னூட்டம் சேரச் சேர, எதிர்ப்பக்கத்தில் அயனிகள் வந்து அணிவகுப்பது ஒன்று. இதில் எதுவும் கெடுவதில்லை, ஆனால் கொள்ளளவு குறைவு. அதைத் தாண்டினால் வேதிவினை. இசிஜி எடுக்கும்போது ஒட்டுகிறார்களே, அந்தப் பட்டையில் வெள்ளியும் வெள்ளிக் குளோரைடும் இருப்பது, இந்த வினை சாதுவாக, இரு திசையிலும் நடக்கட்டும் என்பதற்காக. நீங்கள் சொல்வதுபோல் வெறும் கம்பியை வைத்து ஒரே திசையில் மின்சாரம் விட்டால், நீர் பிளக்கும், அமிலத்தன்மை மாறும், உலோகம் கரையும், பக்கத்துத் திசு சாகும். அதனால்தான் பேஸ்மேக்கரும், காது கேட்க உதவும் காக்ளியர் இம்பிளான்ட்டும் ஒரு துடிப்பை அனுப்பியதும் அதே அளவு மின்னூட்டத்தை எதிர்த்திசையில் திருப்பி எடுத்துக்கொள்கின்றன.

அப்புறம் கடினத்தன்மை. சிலிக்கான் மூளைத் திசுவைவிடச் சுமார் பத்து கோடி மடங்கு விறைப்பானது. தலை அசையும்போதெல்லாம் ஊசி உரசுகிறது. மூளை அதைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. மாதங்கள் போகப் போக சிக்னல் மங்குகிறது. அயனி, எலக்ட்ரான் இரண்டையுமே கடத்தும் மென்மையான பாலிமர்கள் மீது ஆராய்ச்சியாளர்களுக்கு இவ்வளவு ஆர்வம் வரக் காரணம் இதுதான்.

மகன்: அப்பாவின் கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சார் ஒரு அளவு காட்டுகிறது, விரலில் குத்திப் பார்த்தால் வேறு அளவு. எது பழுது?

பெரும்பாலும் இரண்டுமே பழுதில்லை. விரலில் பார்ப்பது ரத்தம். கையில் இருக்கும் சென்சார் பார்ப்பது தோலுக்கடியில் செல்களுக்கு இடையே இருக்கும் திரவம். சர்க்கரை ரத்தத்திலிருந்து அங்கே போய்ச் சேரச் சில நிமிடங்கள் ஆகும். சாப்பிட்ட பிறகும், நடக்கும்போதும், அதாவது அளவு வேகமாக மாறும்போது, வித்தியாசம் அதிகம் தெரியும். சும்மா இருக்கும் நேரத்திலும் பெரிய இடைவெளி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உடலில் தெரியும் அறிகுறியும் சென்சார் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் விரல்குத்திப் பார்ப்பதே சரி.

இரண்டிலும் பொதுவாக அடிப்படை வேலை செய்வது ஒரு நொதி. 1962-இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த யோசனை இது. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் போன்ற நொதி, கலவையில் எத்தனை பொருள் இருந்தாலும் குளுக்கோஸைத் தேடிப் பிடித்து அதன் எலக்ட்ரான்களை எடுக்கிறது. விரல்குத்தும் பட்டையில் ஒரு இடைத்தரகர் மூலக்கூறு அவற்றை மின்முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே வரும் மின்னோட்டம்தான் திரையில் எண்ணாகிறது. தேர்ந்தெடுக்கும் வேலை உயிரியலுக்கு, எண்ணும் வேலை மின்னணுவியலுக்கு. இதைவிட அழகான கூட்டு இந்தத் துறையில் இல்லை என்பேன்.

பள்ளி மாணவன்: அண்ணா, வீட்டிலேயே இசிஜி சர்க்யூட் செய்யலாமா?

செய்யலாம். பேட்டரியில் மட்டும். லேப்டாப்பில் இணைத்தால் சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். உடலில் ஒட்டிய கம்பிக்கும் சுவர் மின்சாரத்துக்கும் நடுவில் எந்த வழியும் இருக்கக் கூடாது. இதயத்தைத் தொடும் மருத்துவக் கருவிகளில் சாதாரண நிலையில் 10 மைக்ரோஆம்பியருக்கு மேல் கசிவை அனுமதிப்பதில்லை. தோலுக்கு மேலே வரம்பு தாராளமானதுதான், ஆனால் மலிவான சார்ஜர் பழுதானால் எந்த வரம்பும் நிற்காது. இதயத்தின் சிக்னல் தோலில் சுமார் ஒரு மில்லிவோல்ட். அதனால் நல்ல பெருக்கியும் வேண்டும்.

தோட்டக்காரர்: தொட்டிச் செடியில் இரண்டு கம்பி செருகி செல்போன் சார்ஜ் செய்வதைக் காணொளியில் பார்த்தேன். எப்படிச் செய்வது?

முடியாது. செம்பும் துத்தநாகமும் ஈர மண்ணும் சேர்ந்தால் ஒரு சாதாரண பேட்டரி. ஆற்றல் துத்தநாகம் கரைவதிலிருந்து வருகிறது. செடிக்கு அதில் பங்கில்லை.

இன்னொருவர்: எலுமிச்சையில் எல்.இ.டி. எரிகிறதே, அது?

மேலே சொன்னதே.

தோட்டக்காரர்: ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா. எலுமிச்சையை எடுத்துவிட்டால் விளக்கு அணைந்துவிடுகிறது. அப்படியானால் மின்சாரம் அதிலிருந்துதானே?

இயற்பியல் ஆசிரியர்: இதை அடுக்கு மின்கலம் செய்த வோல்டா 1800-லேயே முடித்துவைத்துவிட்டார். உயிருக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். தோட்டக்காரரே, எலுமிச்சைக்குப் பதில் உப்புநீரில் நனைத்த துணியை வைத்துப் பாருங்கள், எரியும். எலுமிச்சையை வைத்துக்கொண்டு இரண்டு கம்பியையும் செம்பாகவே செருகுங்கள், எரியாது. எலுமிச்சை தருவது அயனிகள் நகர ஒரு பாதை மட்டும்.

ஆசிரியரே, வோல்டா முடித்துவைத்தது பாதியைத்தான். கால்வானி என்ற இத்தாலிய மருத்துவர் தவளைக் கால் துடித்ததைப் பற்றி 1791-இல் எழுதினார், அது விலங்கின் சொந்த மின்சாரம் என்றார். மின்சாரம் இரண்டு உலோகங்களிலிருந்து வருகிறது என்று வோல்டா மறுத்தார், பெரும்பாலான சோதனைகளுக்கு அது சரியும்கூட. ஆனால் 1794-இல் உலோகமே இல்லாமல், நரம்பைத் தசைமேல் தொடவைத்தே துடிப்பு வந்தது. அந்த மின்சாரம் தவளையுடையதுதான். ஓய்வில் இருக்கும் நியூரானின் உள்ளே வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. அதைத் தாங்கும் சவ்வின் தடிமன் ஐந்து நானோமீட்டர் அளவே. கணக்குப் போட்டால் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கும் மேல். வோல்டாவேகூடத் தன் அடுக்கு மின்கலத்தை மின்மீனின் உறுப்போடு ஒப்பிட்டுத்தான் அறிவித்தார். ‘சம்பந்தமே இல்லை’ என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

தோட்டக்காரர்: சரி, செடியை விடுகிறேன். உயிரிலிருந்து மின்சாரமே எடுக்க முடியாதா?

முடியும், நுண்ணுயிரிலிருந்து. 1911-இலேயே பாட்டர் என்பவர் நுண்ணுயிர்க் கரைசலில் மின்னோட்டம் எடுத்துக் காட்டினார். ஜியோபாக்டர் என்ற பாக்டீரியா, உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரானைத் தன் உடலுக்கு வெளியே இருக்கும் இரும்புத் தாதுமேல் இறக்கிவிடும். அங்கே கார்பன் மின்முனையை வைத்தால் அதன்மேலும் இறக்கும். நீருக்கடிச் சேற்றில் ஒரு சதுர மீட்டருக்கு மில்லிவாட் கணக்கில் கிடைக்கும். எப்போதாவது தகவல் அனுப்பும் சிறு சென்சாருக்கு அது போதும். செல்போன் சார்ஜருக்கு ஐந்து வாட்டாவது வேண்டும்.

மூன்றாமவர்: உருளைக்கிழங்கு?

அதுவும் துத்தநாகம்தான். இனிமேல் காய்கறி மின்சாரக் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

கல்லூரி மாணவர்: மூளைச் சிப் நம் எண்ணத்தைப் படிக்குமா?

இல்லை. 2004-இல், கை கால் செயலிழந்த மாத்யூ நேகல் என்பவருக்குப் பொருத்திய மின்முனைகள், கையை அசைக்க நினைக்கும்போது, அசைவுகளை இயக்கும் மூளைப் பகுதியான இயக்கப் புறணியில் எழும் துடிப்புகளைப் பிடித்தன. அவர் அதை வைத்துத் திரையில் சுட்டியை நகர்த்தினார். பேச முயலும்போது எழும் துடிப்புகளைச் சொற்களாக மாற்றுவதும் அந்த வழிதான். மனதில் ஓடுவதையெல்லாம் வாசிப்பது வேறு விஷயம்.

ஒருவர்: 9 வோல்ட் பேட்டரியை நெற்றியில் வைத்தால் ஞாபகசக்தி கூடும் என்கிறார்களே?

வைக்காதீர்கள். ஒரே திசை மின்சாரம் என்ன செய்யும் என்று முதல் பதிலில் இருக்கிறது. தோல் வெந்துபோகும்.

இன்னொரு மாணவர்: மூளை அலையை லேப்டாப்பில் பார்க்கலாமா?

பார்க்கலாம், மைக்ரோவோல்ட் அளவு என்பதால் கஷ்டம். சார்ஜரைக் கழற்றுங்கள்.

வாசகி: பார்வை தரும் இம்பிளான்ட் என்று ஒன்று வந்ததே, இப்போது பேச்சே இல்லையே?

ஆர்கஸ் 2. விழித்திரையில் 60 மின்முனைகள், கண்ணாடியில் ஒரு கேமரா. 2013-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வெளிச்சம், கதவுச் சட்டம், ஆள் நகர்வது, இவ்வளவுதான் தெரியும். ஆனாலும் ஒன்றுமே தெரியாதவருக்கு அது பெரிது. 2019-இல் தயாரிப்பாளர் உற்பத்தியை நிறுத்தினார். கருவி கண்ணுக்குள் இருக்க, பழுதானால் சரிசெய்ய ஆளில்லாமல் பலர் தவித்தார்கள். எனக்கு இது ஆறாத கோபம். உடலுக்குள் வைக்கும் எந்தக் கருவிக்கும், வைத்துக்கொள்ளும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: நிறுவனம் மூடினால் உதிரிபாகமும் மென்பொருளும் யாரிடம் கிடைக்கும், வெளியே எடுக்க வேண்டி வந்தால் செலவு யாருடையது, அதை வைத்துக்கொண்டு எம்ஆர்ஐ எடுக்கலாமா.